முற்போக்கென்னும் பெயரும் நாவலர் பெருமான் வாழ்வும்

முற்போக்கு என்னுஞ் சொல் இக்காலத்தே பெருவழக்கிற்றாய் உலாவுகின்றது. அரசியலார் தம்மை முற்போக்காளர் என்கின்றனர். எழுத்தாளர் பலரும் அங்ஙனமே என்கின்றனர். சமயத்தை மறுப்போர் அப்பெயரைத் தமக்கே உரிய காணிபோற் கொண்டுள்ளனர். சமயத்தைப் போற்றுவோருள்ளும் ஒருசாரார் இப்பொழுது அதற்குப் பங்கு கேட்கத் தலைப்பட்டுள்ளனர். பிறர் தம்மைப் பிற்போக்காளர் என்று இகழ்வரோ என்னும் அச்சமே இவருட் சிலரை அப்பெயரை விரைந்து மேற்கொள்ளச் செய்கின்றது போலும். ஆதலின், ஒருவர் தம்மை முற்போக்காளர் என்று கூறிக்கொள்ளுதலின் பொருள் யாதென ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முற்போக்காவது முன்னோக்கிச் செல்லுதல். செல்லுதல் என்றவழி, செல்வோன் ஒருவனும், அவன் நீங்கிய இடம் ஒன்றும், அடையும் இடம் ஒன்றும் வேண்டப்படும். அடையும் இடம் இன்னதென்று கூறாமல், யான் செல்லுகின்றேன் என்று மட்டும் கூறுவோன் கூற்று நிரம்பிய பொருளைத் தராது. அன்றியும், சித்தாந்த நெறி நிற்போர்க்கு இப்பெயரில் வேறுமோர் இடர்ப்பாடு உண்டு. யான் எனது என்று எழுஞ் செருக்கை உயிரின் பழம்பிணி என்று கூறும் நாம், நமது முன்னேற்றத்தை நாமே அளந்து, நாமே அதற்கொரு பெயரிட்டு, அப்பெயரை நாமே சூட்டிக்கொள்ளுதல் அப்பிணிக்கு உணவிடுவதாய் முடியும்.

அற்றேல், நின்ற இடத்தே நின்றுவிடுதல் சைவமாமோ எனின், ஆகாது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என நம் முன்னோர் படி வகுத்தது ஏறுதற்பொருட்டேயன்றி, ஏதேனும் ஒரு படியில் அமர்ந்து இளைப்பாறுதற்பொருட்டன்று. ஆயினும், அவ்வேற்றத்தில் ஓர் அருமை உண்டு. மேற்படியில் நிற்போன் கீழ்ப்படியை இகழ்வானல்லன். ஞானநெறி நின்ற பெரியோரும் திருவலகிட்டனர், மலர் கொய்தனர், உழவாரப்படை ஏந்தினர். பெயரை வேண்டாது முன்செல்லுதல் எங்ஙனம் என்பது இத்தகையோர் வாழ்விலேயே விளங்கும். இக்கருத்துப்பற்றியே ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் பெருமானது சரித்திரத்தை ஈண்டு எடுத்துக்கொண்டாம். அவரைச் சீர்திருத்தச் செம்மல் என்பார் ஒருசாரார். பழமைக்கு அரணாயினார் என்று குறைகூறுவார் ஒருசாரார். இவ்விரு பெயரும் பின்வந்தோர் இட்டவை. அவர் செய்தன யாவை, செய்யாது விட்டது யாது என்பதே நாம் நோக்கற்பாலது.

நாவலரவர்கள் 1822-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18-ஆம் நாள் யாழ்ப்பாணத்து நல்லூரிலே, கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் புதல்வராய்த் தோன்றினார். இளமையிலேயே தந்தையை இழந்தார். இருபாலைச் சேனாதிராச முதலியாரிடத்தும் நல்லூர்ச் சரவணமுத்துப் புலவரிடத்தும் தமிழிலக்கண இலக்கியங்களை முறையே பயின்றார். வட மொழியும் ஓதினார். ஆங்கிலத்தின்பொருட்டு, வெஸ்லியன் மிஷனார் யாழ்ப்பாணத்தில் நடத்திய பாடசாலையிற் சேர்ந்தார். அதன் தலைவராயிருந்த பேர்சிவல் பாதிரியார் இவரது புலமையைக் கண்டு, அங்கேயே ஆசிரியராக அமர்த்தினார். விவிலிய நூலைத் தமிழாக்குதற்கும் இவரைத் துணைக்கொண்டார். அம்மொழிபெயர்ப்பின்பொருட்டு இவர் பாதிரியாருடன் சென்னைக்கும் சென்று வந்தார்.

அக்காலத்து யாழ்ப்பாணத்தில் முன்னேற்றம் என்பது எப்பக்கம் இருந்ததென்று ஒருவரைக் கேட்டிருப்பின், ஐயமின்றி மிஷன் பாடசாலையையே காட்டியிருப்பர். ஆங்கிலக் கல்வி அங்கிருந்தது, அச்சியந்திரம் அவர்கையிலிருந்தது, அரசாங்க உத்தியோகத்துக்கு வழி அதுவாயிருந்தது. கற்றோர் பலர் அவ்வழியே சென்றனர். சிலர் உள்ளத்தாற் சென்றனர். சிலர் சம்பளத்தின்பொருட்டுப் பெயரளவிற் சென்று, வீட்டினுள் திருநீறு பூசி, வெளியில் அழித்தனர். நாவலர் அக்கல்வியை முழுதும் பெற்று, அவ்வழியின் வாயிலிலேயே நின்று, மறுபுறந் திரும்பினார்.

1847-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே அவர் தமது முதற் சைவப் பிரசங்கத்தை நிகழ்த்தினார். அன்றுதொட்டு வெள்ளிக்கிழமைதோறும் பிரசங்கம் நடந்தது. கோயிலிற் புராணம் வாசித்துப் பயன் சொல்லுதல் நம்மவர்க்குப் பழைய வழக்கம். ஒரு பொருளை எடுத்து, எல்லார்க்கும் விளங்கும் நடையில், நாட்குறித்து விரித்துரைத்தல் பாதிரிமாரிடத்து அவர் கண்ட முறை. அம்முறையை அவர் கூசாமற் கைக்கொண்டார். 1848-இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே மிஷன் பாடசாலையிற் பெற்றுவந்த சம்பளத்தையும் துறந்தார். இல்லறத்தையும் வேண்டாது நைட்டிகப் பிரமசரியம் பூண்டார்.

ஈண்டு ஒன்று கருதற்பாலது. பிரசங்கம், வகுப்பு முறைப் பாடசாலை, அச்சுப் புத்தகம், வினாவிடை நூல் என்னும் கருவிகள் பலவும் அவர் எதிர்த்தாரிடமிருந்து கற்றவை. கருவி பிறருடையது என்று அவர் அதனை வெறுத்தாரல்லர். கருவியைக் கொண்டமையால் அதனை உடையாரது கொள்கையையும் உடன்கொள்ளவேண்டும் என்றும் அவர் எண்ணினாரல்லர். புதுமையை அஞ்சுவோனும், புதுமையை வணங்குவோனும் இதனைச் செய்தல் அரிது. அடையும் இடம் இன்னதென்று தெளிந்தவனே எவ்வூர்தியிலும் அச்சமின்றி ஏறுவான்.

பாடசாலைக்குப் புத்தகம் வேண்டும். புத்தகத்துக்கு அச்சியந்திரம் வேண்டும். இதன்பொருட்டு 1849-இல் மாணாக்கர் சதாசிவப்பிள்ளையுடன் தமிழ்நாட்டுக்கு வந்தார். வரும்வழியில் திருவாவடுதுறை ஆதீனத்தை அடைந்து, அங்கே மகாசந்நிதானத்தின் திருமுன் பிரசங்கஞ்செய்து, நாவலர் என்னும் பட்டத்தைப் பெற்றார். அப்பட்டம் பிறர் கொடுத்தது என்பதும், புலமையை ஆய்ந்து கொடுத்தது என்பதும் நாம் மறவாது கொள்ளத்தக்கன. சென்னையில் அச்சியந்திரம் வாங்கி யாழ்ப்பாணத்துக்குக் கொணர்ந்து, வித்தியாநுபாலன யந்திரசாலை என்னும் பெயருடன் நிறுவினார். பிற்காலத்திற் சென்னையிலும் அச்சுத்தொழில் நடந்தது.

அதன்பின் அவர்தம் கையினின்றும் நூல்கள் மழைபோற் பொழிந்தன. சிறாருக்குப் பாலபாடங்களும், சைவ வினாவிடைகளும், இலக்கணச் சுருக்கமும் வந்தன. 1852-இல் திருத்தொண்டர் பெரியபுராண வசனம் வெளிவந்தது. 1854-இற் சைவதூஷணபரிகாரம் வெளிவந்தது. 1861-இற் பரிமேலழகருரையுடன் திருக்குறள் வெளிவந்தது. ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கிப் பிழையறப் பதிப்பித்தலில் அவர் கொண்ட கவலை, பின்வந்த பதிப்பாசிரியர்க்கெல்லாம் அளவுகோலாயிற்று. ஆங்கில நூல்களிற் கண்ட நிறுத்தக்குறிகளைத் தமிழ் உரைநடையில் ஆண்டு, வாசிப்போர் இடர்ப்படாது பொருள்கொள்ளச் செய்தார். அதற்குமுன், விருத்தப்பாவைப் பதம்பிரித்துப் பொருள்காணும் வன்மையுடையார்க்கே நாயன்மார் சரித்திரம் நேரே எட்டியது. ஏனையோர் சொல்லக் கேட்டனர். வசனநூல் வந்தபின், எழுத்தறிந்த எவரும் தம்வீட்டுத் திண்ணையிலிருந்தே அதனை ஓதலாயினர். இந்நூலைப்பற்றிப் பின்னும் கூறுவாம்.

1864-இற் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலை ஒன்றை நிறுவினார். 1872-இல் யாழ்ப்பாணத்திற் சைவப் பிள்ளைகள் ஆங்கிலங் கற்றற்பொருட்டுச் சைவாங்கில வித்தியாசாலையைத் தொடங்கினார். பொருட்குறைவினால் அது சில ஆண்டுகளே நடந்தது. ஆயினும் ஆங்கிலம் வேண்டா என்று கூறும் பழமை அவரிடத்து இல்லை என்பதற்கு அதுவே சான்று.

நாவலர் பிறசமயத்தாரைக் கண்டித்தமை எல்லாரும் அறிந்தது. அவர் தம்மவரைக் கண்டித்தமையை அத்துணைப் பெரிதாக எடுத்துரைப்பார் சிலரே. சிவதீட்சை பெறாமலும் ஆகமம் ஓதாமலும் பூசை செய்வோரைக் கண்டித்தார். கோயிற்பொருளைத் தம்பொருள்போற் கையாண்ட அதிகாரிகளைக் கண்டித்தார். தெய்வத்தின்பேரால் ஆடும் கோழியும் வெட்டுதலைக் கண்டித்தார். திருவிழாக்களிற் பொதுமகளிர் ஆடல் நிகழ்த்துதலைக் கண்டித்தார். தம்மூராகிய நல்லூரிற் கந்தசுவாமி கோயில் நடந்த முறையையும் விட்டுவைத்தாரல்லர். இவற்றால் தம்மினத்தாரே அவர்க்குப் பகைவராயினர். பிறர் குற்றத்தை மட்டும் காண்போனுக்குப் புகழ் எளிதிற் கிட்டும். தன்னவர் குற்றத்தைக் காண்போனுக்குக் கிட்டுவது தனிமையே. அத்தனிமையை அவர் ஏற்றார்.

1876, 1877-ஆம் ஆண்டுகளில் மழையின்மையும் விலையேற்றமும் பேதிநோயும் யாழ்ப்பாணத்தை வருத்தின. அப்பொழுது நாவலர் செல்வரிடத்துப் பொருளிரந்து, கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். அரசாங்க ஏசெண்டாயிருந்த துவைனந் துரை மக்கள் துயரைப் போதிய அளவு கருதவில்லை என்று அஞ்சாது எடுத்தெழுதினார். 1879-இற் சட்ட நிரூபண சபைக்குத் தமிழர் பிரதிநிதியை நியமிக்கவேண்டி நேர்ந்தபோது, பொன்னம்பலம் இராமநாதனே தக்கார் என்று கூட்டங்கூட்டி ஆதரித்தார். சமயத் தொண்டர்க்கு உலகவாழ்வின் நலம் கருதுதல் இழுக்கன்று என்பது அவர் செயலாற் புலனாயிற்று.

இவ்விடத்து, அவர்க்கு ஓராண்டு இளையராகிய வடலூர் இராமலிங்க சுவாமிகளையும் நினைத்தல் வேண்டும். சுவாமிகள் பாடல்களுக்கு அருட்பா என்னும் பெயர் வழங்கியதுபற்றி எழுந்த கண்டனப் போர் 1869-இல் நீதிமன்றம் வரை சென்றது. இக்காலத்தார் அவ்விருவருள் ஒருவரை முற்போக்காளர் என்றும், மற்றவரைப் பிற்போக்காளர் என்றும் பிரித்துவிட்டு அமைகின்றனர். 1867-இல் வடலூரிற் சத்திய தருமச்சாலையில் மூட்டிய அடுப்பும், பத்தாண்டுகளின் பின் யாழ்ப்பாணத்திற் கஞ்சித்தொட்டிக்கு மூட்டிய அடுப்பும் பசித்தோர்க்கு ஒன்றே. கொள்கையில் மாறுபட்ட இருவர் அடுப்பங்கரையில் ஒன்றுபட்டனர். பெயரிட்டுப் பிரிப்போர் இதனைக் காணார்.

இனி, நாம் மறைத்தற்கு உரிமையில்லாத ஒன்றைக் கூறுவாம். சாதி வேற்றுமையில் நாவலர் பழைய நிலையினின்றும் பெயர்ந்தாரல்லர். அவர் எழுதிய ஒழுக்க நூல்களிற் சாதியாசாரம் கைவிடப்படவில்லை. அவர் நிறுவிய வித்தியாசாலைகள் உயர்ந்தோர் எனப்பட்ட குலத்துப் பிள்ளைகளுக்கே பெரும்பாலும் பயன்பட்டன. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்டோராய்க் கிடந்த மக்களுக்குப் பிரசங்க மண்டபத்தின் வாயில் திறக்கவில்லை. அவர் மறைந்து 89 ஆண்டுகள் கழிந்தபின், 1968-இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே உள்ளே சென்று வழிபடுதற்கு உரிமை வேண்டி மக்கள் அறப்போர் செய்யவேண்டியிருந்தது. வாயிலை மறித்து நின்றோரும் சைவர். மறிக்கப்பட்டோரும் முருகன் அடியார். இதனை வாசிக்கும் சைவர் நெஞ்சு நோதல் வேண்டும்.

இதற்குக் காலத்தின் இயல்பு என்று விடைகூறுவார் உளர். அவ்விடை முற்றும் பொருந்தாது. என்னை? அதே காலத்தில் இராமலிங்க சுவாமிகள் சாதி வேற்றுமையை வெளிப்படையாக மறுத்தார். அதனினும் வலிய மறுப்பு வேறொன்று உண்டு. அது நாவலர் தம்கையாலேயே அச்சிட்டு வழங்கிய பெரியபுராண வசனத்தினுள்ளேயே கிடக்கின்றது.

சாத்தமங்கையிலே வேள்வித்தீ வளர்த்து வாழ்ந்த மறையவர் திருநீலநக்க நாயனார். திருஞானசம்பந்த மூர்த்தி சுவாமிகள் அவர் மனைக்கு எழுந்தருளினார். உடன்வந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர் மனைவியார் விறலியாரும். பாணர்குலம் அக்கால வழக்கில் மறையவர் மனையுள் புகுதற்கு உரியதன்று. அவ்விருவரும் அன்றிரவு தங்குதற்கு இடந்தருமாறு பிள்ளையார் பணித்தருளினார். நீலநக்கர் காட்டிய இடம் வாயிற்றிண்ணையன்று. வேள்வித்தீ வளரும் வேதியின் அயலிடம். அப்பொழுது அத்தீ மாசுற்று அவியவில்லை; முன்னிலும் ஓங்கி வலஞ்சுழித்து எழுந்தது. தீயே சான்று கூறியபின் வேறு சான்று வேண்டாவன்றோ? இச்சரித்திரத்தை விருத்தப்பாவின் அருமையினின்றும் விடுவித்து, எழுத்தறிந்தார் எல்லார் கையிலும் கொடுத்தவர் நாவலரே. தம்மை அளக்கும் கோலைத் தாமே செதுக்கி, பின்வருவோர் கையில் வைத்துச் சென்றார் என்று கூறுதல் மிகையாகாது.

ஆதலின் அவர் குறையை நாம் அயலிடத்துக் கோலால் அளக்கவேண்டுவதில்லை. சைவக்கோலே போதும். அக்கோலால் அளந்து குறையென்று கண்டதைக் குறையென்றே கூறுதல் அவர்க்கு இழிவன்று. தம்மூர்க் கோயிலின் குறையைத் தாமே எடுத்துரைத்தவர்க்கு, அவரது குறையை மறைத்துப் பாடும் துதியே இழிவு. இக்குறையொன்றே கொண்டு, அவர் செய்த தொண்டனைத்தையும் தள்ளிவிடுவோரும் நடுநிலையாளர் ஆகார். அவர் பதிப்பித்த நூலை ஓதி, அவர் வகுத்த உரைநடையில் எழுதி, அவரையே பிற்போக்காளர் என்போர், ஏணியின்மேல் நின்று ஏணியை இகழ்வோரையே ஒப்பர்.

இனிச் சித்தாந்த சந்தான மரபில் முன்செல்லுதல் எவ்வாறு நிகழ்ந்தது என்று நோக்குவாம். அருணந்தி சிவாசாரியர் ஆகமம் அனைத்தும் வல்லவராய்ச் சகலாகம பண்டிதர் என்னும் பெயர் பெற்றவர். மெய்கண்டார் பிறந்த குடிக்குக் குலகுரு. அக்குடியில் தோன்றிய இளங்குழவி உபதேசஞ்செய்தலைக் கேட்டு, பொறாது வந்தார். ஆணவத்தின் இயல்பு யாதென்று வினாவியவழி, மெய்கண்டார் வாய்திறவாமல் அவர் நின்ற நிலையையே சுட்டிக்காட்டினர் என்பது மரபு. அக்கணத்தே பண்டிதர், வயதும் வருணமும் கல்வியும் குருத்துவமும் ஆகிய நான்கையும் இறக்கிவைத்து, தம் மாணாக்கன் மகனுக்கு மாணாக்கரானார். உமாபதி சிவாசாரியர் தில்லைவாழந்தணருள் ஒருவர். மறைஞானசம்பந்தரைக் குருவாகக் கொண்டு, நெய்வோர் இட்ட கூழை அவர் கையேந்திப் பருக, ஒழுகிய சேடத்தைத் தாமும் உண்டார். அதனால் தம் குலத்தாரால் விலக்கப்பட்டார்.

இவ்விருவரும் இழந்தவற்றை நோக்குமின். சித்தாந்தத்தில் முன்னோக்கி வைக்கும் அடி ஒவ்வொன்றும் ஏதேனும் ஒன்றை இறக்கிவைத்தலாகவே அமைந்துள்ளது. எடுத்துக்கொள்ளும் பெயரன்று அளவு. இறக்கிவைத்த சுமையே அளவு. இவ்வளவால் நாவலரை நோக்கின், சம்பளத்தை இறக்கிவைத்தார், இல்வாழ்வை இறக்கிவைத்தார், தம்மவர் நட்பை இறக்கிவைத்தார், குலப்பெருமை என்னும் சுமை ஒன்றை மட்டும் இறக்காது சென்றார். அவர் இறக்கியவை பெரிய; இறக்காததும் சிறிதன்று. இவ்வளவே உண்மை.

1879-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் வெள்ளிக்கிழமை, 57-ஆம் அகவை நிரம்புதற்குப் பதின்மூன்று நாள் இருக்க, நாவலர் பெருமான் சிவபதம் அடைந்தார். மக்களும் மனையும் அவர்க்கில்லை. பாடசாலைகளும் நூல்களும் எஞ்சின. அவரைப் பின்பற்றி யாழ்ப்பாணத்தில் ஊர்தோறும் சைவப் பாடசாலைகள் எழுந்தன.

அவர்க்குப் பின் ஒன்றரை நூற்றாண்டு கழியும் நிலையில், அவர் விட்ட இடத்தினின்றும் அடியெடுத்து வைத்தல் நம் கடன். நம்மை முற்போக்காளர் என்று பறைசாற்றுதலால் அது நிறைவேறாது. பழமை காப்போம் என்று பறைசாற்றுதலாலும் நிறைவேறாது. நம் திருமுறைப் பாடசாலைகளில் எவர் பிள்ளைகள் அமர்கின்றனர்? நம் மடங்களின் பந்தியில் எவர்க்கு இலையிடப்படுகின்றது? தீட்சை வேண்டி வரும் ஏழையடியாரிடத்து நாம் முதற்கண் வினாவுவது அவர் அன்பையோ, ஊரையும் தெருவையுமோ? திருநீலநக்கர் வேள்விச்சாலையில் வலஞ்சுழித்து எழுந்த தீ, நம் மடத்து அடுக்களையிலும் கோயில் மடைப்பள்ளியிலும் அவ்வாறே எழுமோ? இவ்வினாக்களுக்கு விடை செயலால் வருதல் வேண்டும். விடை நன்றாயின், அதற்குத் தக்க பெயரைப் பின்வருவோர் இடுவர். இடாது விடினும் குறைவொன்றில்லை.

திருத்தொண்டர் சரித்திரத்தை நம் கையில் தந்த பெருமானது திருவடிகளை வணங்கி, அச்சரித்திரம் காட்டும் நெறியில் அவர் செல்லாத அவ்வோர் அடியையும் நாம் செல்லுதற்குத் திருவருள் முன்னிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.